ஒத்து ஊத ஓர் ஆள்!

எந்த ஆபீஸை வேண்டுமானாலும் எடுத்துக் கொள்ளுங்கள். மேனேஜர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "இன்னிக்கு மழை வரும் போலிருக்கே" என்பார். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். உடனே ஒரு மூலை டேபிளிலிருந்து, "ஆமா சார், நானும் அதான் நினைச்சேன். குடைகூடக் கொண்டாந்திருக்கேன் சார்" என்று ஒரு குரல் வரும். இன்க்ரிமென்ட் லிஸ்ட்டில் அந்தக் குரல்காரர் பெயர்தான் முதலில் இருக்கும். மற்றவர்கள் கான்டீனில் உட்கார்ந்து, 'ஒத்து ஊதியே முன்னுக்கு வந்துட்டான்யா' என்று வயிறெரிவார்கள்.

அது கிடக்கட்டும். நிஜமாகவே ஒத்து ஊதுகிறவரைப் பார்த்திருக்கிறீர்களா?

நாதஸ்வர மேளத்தில் இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், ஒரு தாளம் தவிர, பின்னால் ஓரமாக ஒருவர் நிற்பார். அவர் கையிலும் நாதஸ்வரம் மாதிரியே நீளமாக ஒரு குழல். ஆனால், விரல் வைத்து வாசிக்கத் துளை கிடையாது. அடிப்பக்கம் சுருதி சேர்க்க மட்டும் சில துளைகள். அதில் ஒரே ஒரு ஸ்வரம்தான் வரும்: ஆதார சட்ஜம். ஆரம்பம் முதல் முடிவு வரை 'பீ...' என்று அதையே ஊத வேண்டும். மூச்சு வாங்குவதற்காக நிறுத்தக் கூடாது. கன்னத்தை உப்ப வைத்துக் காற்றைச் சேமித்து, அந்தக் காற்று குழலுக்குள் போய்க் கொண்டிருக்கும்போதே மூக்கால் புதுக் காற்றை இழுத்து... ஏறக்குறைய ஓவர்டிராஃப்ட் வைத்துக் குடும்பம் நடத்துகிற மாதிரி.

அந்தக் குழலுக்குத்தான் 'ஒத்து' என்று பெயர். அதை ஊதிக் காட்டச் சொன்னால் நம் மூலை டேபிள் ஆசாமி அரை நிமிஷத்தில் மயங்கி விழுந்து விடுவார்.

இப்படிப்பட்ட ஒருவரைத் தேடி நான் கோவில்பட்டிக்குப் போக நேர்ந்ததற்குக் காரணம், ஓர் அமெரிக்க ராக் கோஷ்டி!

கோஷ்டியின் பெயர் எம்.ஜி.எம்.டி. (எம்.ஜி.ஆர். இல்லை. அச்சுப் பிழையும் இல்லை.) 'மேனேஜ்மென்ட்' என்பதன் சுருக்கம். மேனேஜ்மென்ட் அக்கவுன்டன்சி என்று ஒரு பேப்பர் எழுதிய பி.காம்.காரனான எனக்கு, அந்தப் பெயரில் ஒரு ராக் கோஷ்டி இருப்பதே ஜீரணமாகவில்லை. காலேஜில் சேர்ந்து படித்த இரண்டு பையன்கள் ஆரம்பித்தது. 2007-இல் இவர்களுடைய முதல் ஆல்பம் வெளிவந்து, அதில் இரண்டு மூன்று பாட்டு உலகமெல்லாம் டான்ஸ் ஃப்ளோர்களில் அலறியது. அடுத்ததும் அதே மாதிரி வரும் என்று ரசிகர்கள் காலை ஆட்டத் தயாராகக் காத்திருந்தார்கள். 2010-இல் வந்தது 'கங்கிராஜுலேஷன்ஸ்'. கேட்டவர்களுக்கு ஷாக். ஆடுவதற்கு ஒன்றுமே இல்லை. எல்லாம் 1960-களின் வாசனை. ஒரு பாட்டு 12 நிமிஷம்! பழைய ரசிகர்களில் ஒரு பகுதி முகத்தைச் சுளித்துக் கொண்டு போய்விட்டது. இவர்கள் அசரவில்லை.

அந்த 60-கள் வாசனைக்கு மேல்நாட்டில் வைத்திருக்கும் பெயர் சைக்கடெலிக் பாப். 1966, 67-இல் பீட்டில்ஸ் கோஷ்டி டேப்பைத் திருப்பிப் போட்டும், குரலை எங்கோ குகைக்குள்ளிருந்து வருகிற மாதிரி மாற்றியும் பண்ணிய கூத்துகள் இந்த வகை. மேலே ஆயிரம் வேடிக்கை நடந்தாலும் அடியில் ஒரே ஸ்வரம் விடாமல் ஓடிக் கொண்டிருக்கும். பீட்டில்ஸ் அதற்குப் பயன்படுத்தியது வேறொன்றும் இல்லை, நம் தம்பூராதான். 'ரிவால்வர்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டில் அதைக் கேட்கலாம். 1967-இல் 'சார்ஜன்ட் பெப்பர்' ஆல்பத்துக்காக ஜார்ஜ் ஹாரிஸன் ஒரு பாட்டு பண்ணினார். மற்ற மூன்று பீட்டில்ஸும் அதில் வாசிக்கவே இல்லை. லண்டனில் இருந்த இந்தியக் கலைஞர்கள் வந்து தில்ரூபா, தபலா, தம்பூரா எல்லாம் வாசித்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆல்பம் கோடிக்கணக்கில் விற்றது. அட்டையில் அவர்கள் பெயர் இல்லை. அவர்கள் யார் யார் என்று லிவர்பூல் பல்கலைக்கழகத்துக்காரர் ஒருவர் தேடிக் கண்டுபிடித்தது 2017-இல். அதாவது 50 வருஷம் கழித்து!

என் நண்பன் ஒருவன் இருக்கிறான். திங்கள் முதல் வெள்ளி வரை ஆடிட்டர் ஆபீஸ். சனி, ஞாயிறு கிட்டார். நாலு பேர் சேர்ந்து கைக்காசு போட்டு ஒரு பாண்டு நடத்துகிறார்கள். இண்டி ராக் என்று சொல்லிக் கொள்வார்கள். எந்தக் கம்பெனி தயவும் இல்லாமல், எந்த வருமானமும் இல்லாமல் பாடுவது என்று நான் அர்த்தம் பண்ணிக் கொண்டிருக்கிறேன். எம்.ஜி.எம்.டி. செய்ததைத் தாங்களும் செய்வது என்று இவர்களுக்குத் திடீரென்று ஒரு வேகம்.

"இருக்கிறதே நாப்பது ரசிகர்கள். அவங்களும் போயிட்டா?" என்றேன்.

"போனாப் போகட்டும். அடியில ஓடுற அந்த ஸ்ருதி மட்டும் சரியா வந்துட்டாப் போதும். தம்பூரா வேணாம், எல்லாரும் அதையே போடுறாங்க. ஒத்து வேணும்."

"செல்போன்லயே ஸ்ருதிப் பெட்டி வந்திருச்சேப்பா. பைசா செலவில்லை."

"அது மூச்சு விடாதுடா" என்றான்.

அவன் அம்மாவின் ஊர் கோவில்பட்டி. கிட்டாரைத் தோளில் மாட்டிக் கொண்டு ரயிலேறினோம்.

விருதுநகர் தாண்டியதும் மண்ணின் நிறம் மாற ஆரம்பிக்கிறது. சாத்தூருக்கு அப்பால் அசல் கரிசல். சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடித்து, உள்ளே கையை விட்டால் முழங்கை வரை போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் நாலு நல்ல மழை பெய்தால் இதே மண் காலைக் கவ்விக் கொண்டு செருப்பைத் திருப்பித் தராது. பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, மிளகாய் எல்லாமே மானாவாரி. வானத்தோடு போடுகிற ஒப்பந்தம். எதிர்த்தரப்பு கையெழுத்துப் போடுவதில்லை. அதனால்தான் தீப்பெட்டித் தொழில் இங்கே வேர் பிடித்தது. காய்ந்த காற்று குச்சிக்கும் நல்லது; வயலில் வேலை இல்லாத கைகளும் நிறைய. இந்தப் பக்கம் ஒருவர் "ஆபீஸுக்குப் போறேன்" என்றால் அவர் கிளார்க் என்று நினைத்துவிடாதீர்கள். தீப்பெட்டி ஆபீஸ்!

ஸ்டேஷனிலேயே கடலை மிட்டாய் வாசனை தூக்குகிறது. 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு மிட்டாய்க்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்திருக்கலாம். ருசியில் அது தெரியவில்லை. கால் கிலோ வாங்கி, ஊருக்குள் போவதற்குள் முடித்து விட்டோம்.

நாங்கள் கோவில்பட்டியைத் தேர்ந்தெடுத்ததற்கு அம்மா ஊர் என்பது மட்டும் காரணமில்லை. இது காருகுறிச்சி அருணாசலம் குடியிருந்த ஊர். அம்பாசமுத்திரம் பக்கத்துக் காருகுறிச்சியில் 1921-இல் பிறந்து, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் சிஷ்யராகச் சேர்ந்து, கடைசியில் கரிசல் மண்ணில் வீடு போட்டவர். 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு ஆபேரி ராகத்தில் அவருடைய நாதஸ்வரம் போட்டி போட்டதே, அதைக் கேட்காத தமிழ்க் காது உண்டா? 1964-இல் போய்விட்டார். 43 வயது கூட நிறையவில்லை. ஊரில் அவருக்குச் சிலை இருக்கிறது. சிலைக்குக் கீழே நின்று நண்பன் கண்ணை மூடிக் கொண்டான். பக்கத்தில் பூ விற்ற அம்மா, "தம்பிக்கு வெயில் ஒத்துக்கலையா?" என்று கவலையாக விசாரித்தார்.

ராஜரத்தினம் பிள்ளை செய்ததும் ஒரு சப்த மாற்றம்தான். அதற்கு முன் இருந்தது திமிரி நாதஸ்வரம். குட்டை, உச்சமான சுருதி, நாலு தெருவுக்குக் கேட்கும். அவர் நீளமான பாரி நாதஸ்வரத்துக்கு வந்து சுருதியைக் கீழே இறக்கினார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அவருக்காக மெனக்கெட்டு வாத்தியம் செய்து கொடுத்தார். 2022-இல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதற்கு வேண்டியது ஆச்சா மரம்; அதுவும் பச்சை மரம் ஆகாது. இடித்த பழைய வீடுகளின் உத்தரம், தூண் என்று வாங்கி வந்து இழைப்பார்கள். புது வாத்தியம் வேண்டுமானால் எங்கேயோ ஒரு பழைய வீடு இடிய வேண்டும்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடையில், முகூர்த்தம் முடிந்து திரும்பிய ஒரு தவில்காரர் மாட்டினார்.

"ஒத்துக்காரரா? அதுக்கு இப்ப எங்க அண்ணாச்சி ஆளு? பொட்டி வந்துதான் எத்தன வருசமாச்சு!"

பெட்டி வந்த கதை இது: எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டியை 1979-இல் பெங்களூரில் ஜி.ராஜ் நாராயண் என்ற இன்ஜினீயர் கொண்டு வந்தார். அவரே புல்லாங்குழல் வாசிக்கிறவர். கலைஞர்களுக்குச் சௌகரியமாக இருக்கட்டும் என்றுதான் செய்தார். சௌகரியம்தான். ஆனால், கணக்கைத் தவில்காரர் சொன்னார்:

"ஆறு ஆளுக்குக் கேட்டா, அஞ்சு ஆளு போதும்ங்காக. யாரக் குறைக்க? நாயனத்தக் குறைக்க முடியாது. தவிலக் குறைச்சா நான் விடுவனா? ஒத்துக்காரர்தான் ஒண்ணும் வாசிக்கலையே, சும்மா நிக்காருன்னு தோணும்லா. பொட்டிக்குச் சாப்பாடு போட வேண்டாம், பஸ் சார்ஜ் வேண்டாம்."

நான் படித்த காமர்ஸில் இதற்குச் செலவுக் குறைப்பு என்று பெயர். முதலில் போவது, சத்தம் போடாமல் தொடர்ந்து வேலை செய்கிற ஆள். ஒத்துக்காரர் சத்தம் போட்டுக் கொண்டே இருந்தும் போனார். அது வேறு விஷயம். இன்னும் கேளுங்கள். நாதஸ்வரம் கற்றுக் கொள்ள வருகிற பையனை அந்தக் காலத்தில் முதலில் ஒத்து ஊதத்தான் விடுவார்கள். மூச்சு பழக வேண்டும், சுருதி காதில் ஊற வேண்டும். அப்ரன்டிஸ் போஸ்ட் அது. அந்தப் போஸ்ட்டையே எடுத்துவிட்டால் பையன் எந்தப் படியில் ஏறுவான்? இப்போது கோயிலில் பூஜைக்குச் சுவிட்சைத் தட்டினால் மோட்டார் மேளமும் மணியும் தானாக அடித்துக் கொள்கிறது. கல்யாணத்துக்குக் கேரளாவிலிருந்து செண்டை வருகிறது. தவில்காரருக்கே அந்தக் கவலை இருந்தது. டீயை ஆற்றாமல் குடித்துவிட்டு, கயத்தாறு பக்கம் ஒரு கிராமத்தில் பெரியவர் ஒருவர் இருப்பதாகத் துப்புக் கொடுத்தார். மறுநாள் காலையில்தான் பார்க்க முடியுமாம்.

மிச்சப் பொழுதுக்கு எட்டயபுரம் போனோம். பஸ்ஸில் அரை மணி. பாரதி பிறந்த வீட்டையும் மணிமண்டபத்தையும் பார்க்க வருகிறவர்கள், பக்கத்தில் முத்துசுவாமி தீட்சிதர் சமாதி இருப்பதைப் பல சமயம் விட்டு விடுகிறார்கள். நீங்கள் விடாதீர்கள். எம்.ஜி.எம்.டி.க்கு 200 வருஷம் முன்னால் அதே வேலையைச் செய்தவர் இவர்! வாலிபத்தில் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்தபோது கோட்டையில் வெள்ளைக்காரப் பட்டாளத்து பாண்டு வாசித்ததைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்யம் போட்டார். சுமார் 40 உருப்படி, நோட்டுஸ்வரம் என்பார்கள். இங்கிலாந்து ராஜாவின் தேசிய கீத மெட்டுகூட அதில் உண்டு. அதே மனிதர் காசிக்குப் போய்ச் சில வருஷம் இருந்து திரும்பி, 17-ஆம் நூற்றாண்டு வேங்கடமகி வழிவந்த பழைய ராகங்களில் இறங்கினார். நடை மெதுவாயிற்று. அவசரக்காரனுக்கு அவர் பாட்டு சரிப்படாது. தம்பி பாலுசுவாமி தீட்சிதரோ வெள்ளைக்காரனின் வயலினைக் கர்நாடக சங்கீதத்துக்கு வளைத்தவர். எட்டயபுரம் சமஸ்தான வித்வான். தம்பியைப் பார்க்க வந்தபோது காய்ந்து கிடந்த கரிசலைக் கண்டு மனம் பொறுக்காமல் அண்ணன் அமிர்தவர்ஷிணி பாட, மழை கொட்டியது என்று கதை சொல்வார்கள். இந்த ஊர் வெயிலில் பத்து நிமிஷம் நின்றவர்கள் அந்தக் கதையை நம்பத்தான் விரும்புவார்கள். 1835 தீபாவளியன்று இங்கேயே காலமானார்.

அவர் பாட்டு நமக்குக் கிடைத்ததற்குக் காரணமும் இதே ஊர்தான். பாலுசுவாமியின் பேரன் சுப்பராம தீட்சிதர், குடும்பச் சொத்தாக இருந்த அத்தனையையும் ஸ்வரப்படுத்தி 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்று தலையணை சைஸில் தெலுங்கு லிபியில் எழுதினார். 1904-இல் எட்டயபுரத்திலேயே அச்சாகி வெளிவந்தது. இன்று யாராவது பழையபடி பாட வேண்டும் என்று நினைத்தால் திரும்பிப் போக ஒரு விலாசம் இருக்கிறது.

ஒத்துக்கு அப்படி ஒரு புஸ்தகம் எழுத முடியுமா? 'ஸ' என்று ஓர் எழுத்துப் போட்டு, அப்புறம் நூறு பக்கத்துக்குக் கோடு இழுக்கலாம். பக்கத்தில் நின்று மூக்கால் மூச்சு இழுப்பதைப் பார்த்துத்தான் கற்றுக் கொள்ள வேண்டும். விளாத்திகுளம் சுவாமிகளுக்கும் இதே கதிதான். 1889-இல் பிறந்த இந்தக் கரிசல்காட்டு மேதை, கீர்த்தனை பக்கம் போகாமல் ஒரே ராகத்தை மணிக்கணக்கில் ஆலாபனை பண்ணுவாராம். 12 நிமிஷப் பாட்டெல்லாம் அவருக்குத் தொண்டையைச் செருமுகிற நேரம். 1965-இல் அவர் மறைந்த பிறகு, கேட்டவர்கள் சொன்ன கதைகள்தான் பெரும்பாலும் மிச்சம். நல்லவேளையாக, கேட்டவர்களில் இடைசெவல் கி.ரா.வும் இருந்தார், எழுதி வைத்தார்.

மறுநாள் காலை. கயத்தாறு பக்கம் எங்கே பார்த்தாலும் காற்றாலைகள். மினி பஸ்ஸை விட்டு இறங்கியதும் தலைக்கு மேல் 'ஊம்...' என்று ஒரு சத்தம். "இதுவும் ஒரு ஸ்ருதிதான்" என்றான் நண்பன். அவனை ஒரு வழியாக இழுத்துக் கொண்டு போனேன்.

பெரியவர் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஒத்து போன பிறகு பல வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் வாட்ச்மேன். "எங்கருந்து வாறீக?" என்றார். சொன்னோம். நம்பவில்லை. ஒத்தைக் கேட்டு மதராஸிலிருந்து யார் வருவார்கள்? ஏதோ சீட்டுக் கம்பெனி ஆட்கள் என்று நினைத்திருக்க வேண்டும். நண்பன் கிட்டாரை உறையிலிருந்து எடுத்த பிறகுதான் முகம் தெளிந்தது.

உள்ளே போய்ப் பழைய வேட்டியில் சுற்றிய குழலைக் கொண்டு வந்தார். சீவாளி காய்ந்து கிடந்தது. எச்சில் படுத்தி, வாயில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்து... ஒரு கால் மணி நேரம். முதலில் வெறும் காற்று. பிறகு ஒரு கீச்சு. எதிர்வீட்டுக் கோழி ஓடியது. அப்புறம் வந்தது பாருங்கள், ஒரு நாதம்! கன்னம் இரண்டும் உப்பி, கண் பாதி மூடி, மனிதர் அசையவில்லை. நான் வாட்சைப் பார்த்துக் கொண்டிருந்தேன். நாலு நிமிஷத்துக்கு மேல் ஓர் இழை அறுபடாமல் போயிற்று. அறுபடவில்லையே தவிர, உள்ளே லேசாக ஓர் அலை இருந்தது. கேட்டதும் பெட்டி என்று நினைக்கவே முடியாது.

நண்பன் கிட்டாரை மீட்டினான். ஒட்டவில்லை. பெரியவர் குழலை எடுத்துவிட்டு, "உங்களது மூணு கட்டை. இது ரெண்டரை. மரத்த வெட்டவா முடியும் தம்பி? நீங்கதான் எறங்கி வரணும்" என்றார்.

ஆறு தந்தியையும் அரைக் கட்டை தளர்த்திக் கட்டினான். இரண்டாம் தடவை சேர்ந்தது. பதினோரு நிமிஷம் பதிவு செய்தோம். நடுவில் மினி பஸ் ஹாரன் ஒன்றும் விழுந்திருக்கிறது. அதை எடுக்கப் போவதில்லை என்கிறான்.

பணத்தை வாங்கி எண்ணாமல் மடியில் செருகிக் கொண்டு, "அட்டையில பேரு போடுவீகளா?" என்று கேட்டார். "கண்டிப்பாப் போடுவோம் ஐயா" என்று நண்பன் நோட்டை எடுத்து எழுதிக் காட்டினான். பெரியவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக் கொண்டு பார்த்தார்.

"இன்சியல் மட்டும் போட்டா எப்படி? எங்க ஐயா பேர முழுசாப் போடுங்க. இது அவரு ஊதுன குழல்."

நண்பன் அடித்துவிட்டு, மறுபடி எழுதினான்.